திருப்பிவிடும் நேரம்

அப்பாவின் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து, “ஒண்ணு, ரெண்டு” என்று தனக்குத்தானே எண்ணிக்கொண்டு, பெரியவள் அவரைத் தன் பக்கமாகத் திருப்பினாள். ஆள் பாதியாக மெலிந்துவிட்டார். கனம் மட்டும் எங்கேயும் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணையை முட்டுக்கொடுத்தாள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு துண்டை மடித்து வைத்தாள். குதிகால் மெத்தையில் படாமல் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லி வைத்த மாதிரி அப்போது நர்ஸ் வந்தாள். வேலை முடிந்த பிறகு வந்து நிற்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்தாள். எழுதாத பேனாவை இரண்டு உதறு உதறினாள். ‘இடது பக்கம் திருப்பப்பட்டார்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்தாள்.

“திருப்பிட்டீங்களாம்மா? சூப்பர்,” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். அங்கே யாரையும் திருப்பவில்லை. டிக் மட்டும் விழுந்தது.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த டிக் எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். நேராகத் தங்கையின் மேஜைக்குப் போகும். அங்கே மற்ற டிக்குகளோடு கூட்டிப் பெருக்கி, வார்டுக்கு நூற்றுக்கு இத்தனை மார்க் என்று ஆகும். மார்க் நன்றாக இருந்தால் தங்கைக்குப் பேர். இடுப்பு வலி மட்டும் இவளுக்கு.

தங்கை இதே ஆஸ்பத்திரியில் தரப் பிரிவுக்குத் தலைவி. முன்னால் நர்ஸாக இருந்தவள்தான். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று ஒரு விதி இருக்கிறதென்றால், நிஜத்தில் திருப்புகிறார்களா என்று அளப்பது, எங்கே குறைகிறதோ அங்கே சரிசெய்வது, சரிசெய்ததை மறுபடி அளப்பது; இதுதான் அவள் வேலை. ஆடிட் என்பார்கள். “ஆடிட்னா பணக் கணக்குதானே?” என்று பெரியவள் ஒருமுறை விவரம் தெரியாமல் கேட்டுவிட்டு அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“உனக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரிக்கே பரீட்சை வெச்சு மார்க் போடறவ அவ. டாக்டருங்களே பயப்படறாங்க. நீ போய் பட்டன் தையி.”

பெரியவள் பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறவள். பட்டன் தைப்பது அதில் கடைசி வேலை. அளவெடுப்பதும் வெட்டுவதும்தான் தொழில் என்று அப்பாவுக்கு இத்தனை வருஷத்தில் விளங்கவே இல்லை. அவருக்குச் சின்னவள் எது செய்தாலும் விளங்கும்.

அப்பா படுத்ததிலிருந்து பெரியவள் தையல் மெஷினை மூடிவிட்டு இங்கேயே கிடக்கிறாள். திருப்புவது, துடைப்பது, வாய் காய்ந்தால் பஞ்சுக்குச்சியால் நனைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். மணி அடித்தால் நர்ஸ் வருவாள், வரமாட்டாள் என்றில்லை. ஆனால் வருவதற்குள் நாமே செய்துவிடலாம் என்று தோன்றிவிடும். செய்துவிட்டாள். செய்யச் செய்ய, அதுவே வழக்கமாகிப் போனது.

சின்னவள் வருவது தினமும் மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில். அவள் வருகிற நேரம் வார்டுக்கே மனப்பாடம். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவள் கதவில் தலை காட்டினால் போதும், அத்தனை பேரும் ஆலாய்ப் பறப்பார்கள். ஒருத்தி ஓடி வந்து போர்வையை இழுத்துவிடுவாள். ஒருத்தி தண்ணீர் ஜாடியை மாற்றுவாள். கூப்பிட்டால் காது கேட்காத தலைமை நர்ஸே வந்து, “ஐயா, எப்படி இருக்கீங்க? வலி இருக்கா?” என்று குனிந்து கேட்பாள். அப்பாவை இரண்டு பேர் சேர்ந்து பூவைத் தூக்குகிற மாதிரி தூக்கித் திருப்புவார்கள்.

அப்பாவின் முகம் மலர்ந்துபோகும்.

“பாத்தியா? சின்னவ வந்தாத்தான் எல்லாம் நடக்குது,” என்பார். அப்புறம் பெரியவளைப் பார்த்து, “நீ எழுந்து அவளுக்கு இடம் குடு,” என்பார்.

படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. பெரியவள் எழுந்து நிற்பாள். இது ஒன்றும் புதுசில்லை. அப்பா பஸ் கண்டக்டர். அந்தக் காலத்தில் பள்ளிக்கூட லீவு விட்டால் இரண்டு பேரையும் தன் வண்டியில் ஏற்றிக்கொள்வார். சின்னவளுக்கு ஜன்னலோரம். பெரியவளுக்கும் ஒரு இடம் உண்டு, கூட்டம் ஏறும்வரை. ஏறிவிட்டால், “பெரியவளே, எந்திரி. நீ நம்ம ஆளு, நில்லு,” என்று யாரோ ஒரு மனுஷனை அந்த இடத்தில் உட்கார வைப்பார். சின்னவளை ஒருநாளும் எழுப்பியதில்லை. “அவ ஏன்பா நிக்கல?” என்று பெரியவள் கேட்டதும் இல்லை. கேட்காமல் விட்டது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

“ஏம்மா, உன் தங்கச்சியை தினம் ரெண்டு வேளை வரச் சொல்லேன்,” என்பார் பக்கத்துப் படுக்கைக்காரர். லாரி ஓட்டியவர். இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. பார்க்க வரவும் ஆள் கிடையாது. “அவங்க வந்துட்டுப் போனா எனக்கும் தலையணை உறை மாத்தறாங்க. வி.ஐ.பி. பக்கத்துல படுத்த யோகம்.”

பெரியவள் சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்துக்கொள்வாள்.

இந்த டிக் சங்கதியைத் தங்கையிடம் அவள் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் மறதி இல்லை. ‘உன் வார்டுல திருப்பறது யாரு தெரியுமா? உன் மார்க்கெல்லாம் யார் கையில வந்தது தெரியுமா?’ என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். ஆனால் சொன்னால் அவள் உடனே சரிசெய்துவிடுவாள். சரிசெய்தால் அதற்கும் ஒரு கைதட்டல் வாங்குவாள். அப்பா அதையும் ஊர் முழுக்கச் சொல்வார். அதனால் பெரியவள் அதைப் பத்திரமாக மனதுக்குள் முடிந்து வைத்திருந்தாள். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், நாலு பேர் முன்னால் அவிழ்க்கலாம்.

அவள் ஆசைப்பட்டதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. யாராவது விசாரிக்க வரும்போது, அப்பா ஒரே ஒரு தடவை, “என்னைப் பெரியவதான் பாத்துக்கறா,” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

*

அன்று காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் பெரியவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“மூச்சு மாறிடுச்சும்மா. இன்னிக்குத் தாண்டறது கஷ்டம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க.”

பெரியவள் தங்கைக்கு போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்றைக்குத்தான் மேல்மாடியில் அந்தப் பெரிய கூட்டம். “நாளைக்கு எல்லா வார்டு ரிசல்ட்டும் சொல்றோம்க்கா. அப்பா வார்டுதான் முதல் இடம். முடிஞ்ச உடனே ஓடி வந்துடறேன்,” என்று நேற்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதைக் கேட்டு அப்பாவும், கண் சரியாகத் தெரியாத நிலையிலும், அவள் இருந்த திசையைப் பார்த்துச் சிரித்தார்.

துப்புரவு செய்கிற அம்மாளைப் பிடித்து மேலே அனுப்பினாள். அந்த அம்மாள் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“வாசல்லயே நிறுத்திட்டாங்க. உள்ள விட மாட்டேங்கறாங்க. எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருக்காங்கம்மா.”

தட்டட்டும், நன்றாகத் தட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள் பெரியவள்.

தலைமை நர்ஸிடம் போய், ‘மேடத்தோட அப்பாவுக்கு முடியல, கூப்பிடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நிமிஷத்தில் மேல்மாடிக் கதவு திறந்திருக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போகவில்லை. அப்பாவின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த ஒரு நேரமாவது அவர் தன்னோடு மட்டும் இருக்கட்டும் என்று தோன்றியது. யாரும் வந்து எழுப்ப வேண்டாம். யாருக்கும் இடம் கொடுக்க வேண்டாம். இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தையும் மீறி ஒரு நிம்மதியும் இருந்தது.

அப்பாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பஞ்சுக்குச்சியை எடுப்பதற்கு முன், கட்டில் கம்பியில் மாட்டியிருந்த பாட்டிலை அமுக்கிக் கைகளைத் தேய்த்துக்கொண்டாள். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்ததும் சின்னவள்தான். ஸ்பிரிட் வாசனை குப்பென்று ஏறியது. குச்சியை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள்.

அப்பாவின் மூக்கு லேசாக விரிந்தது. கண் திறந்தது. திறந்த கண் எதையும் பார்க்கவில்லை.

“சின்னவளா?”

அந்த வாசனை சின்னவளின் வாசனை. தினமும் உள்ளே வந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு, ஈரம் காயும் முன்பே அவர் நெற்றியில் கை வைப்பாள். குரலும் ஒன்றுதான், போனில் சொந்தக்காரர்களே இரண்டு பேரையும் மாற்றிப் பேசிவிடுவார்கள்.

பெரியவளின் கை அப்படியே நின்றது. இல்லப்பா, நான்தான், பெரியவ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் கை போர்வைக்கு மேலே எழுந்து காற்றில் துழாவியது. பஸ்ஸில் கம்பியைத் தேடுகிற கை.

“சின்னவளா வந்திருக்கே?”

“ஆமாம்பா,” என்றாள் பெரியவள்.

அந்தக் கையைப் பிடித்தாள். அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். மூச்சு ஒன்று போய் வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது.

“உக்காரும்மா… பெரியவ எங்க?”

“இங்கதான் நிக்கிறாப்பா.”

“ம்.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அவ நிப்பா.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பிடி மட்டும் இருந்தது. பிடி எப்போது தளர்ந்தது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னிடமிருந்து என்னையே வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அப்பா. கொடுத்ததும் நானேதான். இதைவிட ஒரு மனுஷியை வேறு எப்படி ஏமாற்ற முடியும் என்று நினைத்தாள். திரைக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர் மெல்ல இருமினார்.

“போயிட்டாராம்மா?” என்றார். முதல்தடவையாக அவர் குரலில் கேலி இல்லை.

*

சின்னவள் ஓடி வந்தாள். கழுத்து அட்டை தோளுக்குப் பின்னால் போய்க் கிடந்தது. கையில் யாரோ கொடுத்த பூங்கொத்து. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் திண்டில் போட்டாள். அவள் பின்னாலேயே வார்டு மொத்தமும் வந்துவிட்டது. ஒருத்தி புதுப் போர்வை கொண்டுவந்தாள். ஒருத்தி பெரியவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். தலைமை நர்ஸ் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். இருந்தபோது எட்டிப் பார்க்காத கூட்டம் இப்போது இடித்துக்கொண்டு நின்றது.

“எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க,” என்றாள் சின்னவள்.

அவர்கள் போனதும் திரையை இழுத்துவிட்டாள். கைகளைத் தேய்த்துக்கொண்டாள். அப்பாவின் நெற்றியில் கை வைக்கப்போகிறாள், இப்போது அழப்போகிறாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். சின்னவள் அதைச் செய்யவில்லை. குனிந்து, தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து அவரைத் திருப்பினாள். சட்டையை மேலே தூக்கினாள். பின்தலை, தோள்பட்டை, வால் எலும்பு, இடுப்பு எலும்பு என்று ஒவ்வொரு இடமாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். குதிகாலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

பெரியவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

“அடிப்பாவி! செத்த மனுஷனுக்குக்கூட மார்க் போடணுமா உனக்கு?” என்று கத்திவிட்டாள். “உடம்புல உயிரு இருந்தப்ப வரல. இப்ப வந்து முதுகைப் பாக்கறே!”

சின்னவள் நிமிரவில்லை. அப்பாவின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தியபடியே இருந்தாள்.

“புண்ணு வரப்போற சிவப்பு ஒண்ணுகூட இல்லக்கா,” என்றாள். “இவ்வளவு நாள் படுத்து, இவ்வளவு மெலிஞ்சு, ஒரு சிவப்புகூட இல்ல. இது நடக்கவே நடக்காது.”

“ஏன் நடக்காது? உன் வார்டுதான் முதல் இடமாச்சே.”

சின்னவள் அக்காவை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் அட்டையை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் சட்டென்று திரையை விலக்கிக்கொண்டு பக்கத்துப் படுக்கைக்குப் போய், அங்கேயும் திரையை இழுத்துவிட்டாள்.

“ஐயா, உங்க முதுகைக் கொஞ்சம் பாக்கலாமா?”

“பாருங்க மேடம். எனக்கே பாக்கக் குடுத்து வெக்கல,” என்றார் லாரிக்காரர்.

அவரைத் திருப்புவதற்குப் பெரியவளும் போய் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. பழகிய கை, யோசிக்காமல் போய்விட்டது. சட்டையைத் தூக்கியதும் நாற்றம் முதலில் வந்தது. வால் எலும்பின் மேல் தோல் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சதை தெரிந்தது, ஓரமெல்லாம் கறுத்து. அவர் படுக்கைக் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை, எல்லாம் டிக்.

“வலிக்கலையா ஐயா?” என்றாள் சின்னவள்.

“அங்கதான் எனக்கு உணர்ச்சியே இல்லையேம்மா. ஏன், ரொம்ப மோசமா?”

சின்னவள் அவர் சட்டையை மெல்ல இறக்கிவிட்டாள். பெரியவள் மனதுக்குள் முடிந்து வைத்திருந்ததெல்லாம் இங்கே, ஒரு கை எட்டுகிற தூரத்தில், ஒருவர் முதுகில் அழுகிக்கொண்டிருந்திருக்கிறது. தினமும் இவர் சொன்ன ஜோக்குக்கு உதட்டால் சிரித்திருக்கிறாள். தங்கையைக் கவிழ்க்க அவள் சேர்த்து வைத்த நாட்களுக்கு இந்த மனுஷன் தன் சதையால் விலை கொடுத்திருக்கிறார்.

“அப்பாவை யாருக்கா திருப்பினது?”

இதற்காகத்தானே காத்திருந்தாள். நாலு பேரும் திரைக்கு வெளியே நிற்கிறார்கள். ஆனால் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

“நான்தான்,” என்றாள். “டிக் அவங்க.”

சின்னவள் கண்ணை மூடித் திறந்தாள். “நான் அட்டையைத்தான் பாத்தேன். வாரா வாரம் அட்டையைத்தான் எண்ணினேன். ஒரு முதுகைத் திருப்பிப் பாக்கல.”

வெளியே போய்த் தலைமை நர்ஸிடம் தாழ்ந்த குரலில்தான் பேசினாள். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

“அவர் புண்ணை உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. எங்க அப்பா படுக்கையைக் கணக்குலருந்து எடுத்துடுங்க. அது வார்டு பண்ணின வேலை இல்ல. எங்க அக்கா பண்ணினது. அது நம்ம கணக்குல சேராது.”

“மேடம், இப்பத்தானே மேல கை தட்டினாங்க…”

“நானே போய்ச் சொல்றேன். இந்த வார்டு கணக்கு தப்பு, அளந்த விதமே தப்புன்னு.”

தலைமை நர்ஸுக்கும் ஒரு ரோஷம் இருந்தது. “சொல்லுங்க. கூடவே இதையும் சொல்லுங்க. என்னைத் தவிர ரெண்டே நர்ஸ், இந்த ஹால் முழுக்கப் படுக்கை. அட்டை காலியா இருந்தா நீங்க கேள்வி கேக்கறீங்க. முதுகை யாரும் கேக்கல. எதைக் கேக்கறீங்களோ அதைத்தானே நாங்க பண்ணுவோம்?”

“சரி. அதையும் சொல்றேன்,” என்றாள் சின்னவள்.

பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். தங்கை தலைகுனிகிற இந்தக் காட்சியை எத்தனை தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பாள்! ஆனால் இவள் தலைகுனியவே இல்லையே. தப்பை ஒப்புக்கொள்வதில்கூட எவ்வளவு நேர்த்தி! தப்பு செய்தவள் நிமிர்ந்து நிற்கிறாள். சொல்லாமல் மறைத்த நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நிற்கிறேன். ‘கணக்கில் சேராது’ என்றதும் ஒரு நொடி சுருக்கென்று குத்தியது. நான் ராப்பகலாகச் செய்தது சேராதா? அப்புறம்தான் உறைத்தது, இந்த ஆஸ்பத்திரியில் தன் பேரில் எதையோ ஒன்றைச் சரியாக எழுதச் சொன்ன முதல் ஆள் இவள்தான் என்று. அதுவும் பொறுக்கவில்லை. எதைச் செய்தாலும் இவளே முதல்.

*

வண்டி வர நேரமாகும் என்று அப்பாவை வராந்தாவின் கோடியில் இருந்த சின்ன அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு கட்டில், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு நாற்காலி. சின்னவள் நாற்காலியை இழுத்து அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

“நீ உக்காருக்கா.”

“நீ உக்காரு.”

“உக்காருன்றேன்ல.”

பெரியவள் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து சின்னவள் நிற்பது இரண்டு பேருக்குமே ஏதோ செருப்பு மாற்றிப் போட்ட மாதிரி இருந்தது. வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சின்னவள் போர்வை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். திடீரென்று அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் அழுதாள். சின்ன வயசிலும் அவள் இப்படித்தான் அழுவாள். வீட்டில் பெரியவளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

“எனக்கு உன்னைப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்குக்கா,” என்றாள்.

“என்னடி உளறல்?”

“கூடவே இருந்தியே. நான் வந்தா எனக்கு எல்லாரும் அப்பாவை அலங்காரம் பண்ணிக் காட்டினாங்க. நிஜமா அப்பா எப்படி இருந்தார்னு பாத்தது நீதான். அவர் உடம்புல எந்த எலும்பு எங்க இருக்குன்னு உன் கைக்குத் தெரியும். கடைசி மூச்சும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போச்சுன்னு, திரை இடுக்குல பாத்த பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார். நான் மேல நின்னு கைதட்டு வாங்கிக்கிட்டு இருந்தேன். குடுத்து வெச்சவ நீ.”

பெரியவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து ஒருத்தரும் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. பொறாமை அவளுடைய சொத்து. அதைத் தவிர வேறு எதுவும் தனியாக அவளுக்கென்று இருந்ததில்லை. இப்போது ஒருத்தி தன்னைப் பார்த்து வயிறு எரிகிறேன் என்கிறாள். அதுவும் இவள். என்ன ருசியாக இருந்தது அது! வாயில் வைத்து மெல்லக் கரையவிடலாம் போல இருந்தது. இதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. திரைக்குள்ளே பேசியது லாரிக்காரருக்குக் கேட்டிருக்கலாம். ஆனால் அதை அவர் சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் இவள் இப்படிப் பேசமாட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் போதும். அந்தப் பிடி ஆயுசுக்கும் பெரியவளுடையது.

“கடைசியா ஏதாவது சொன்னாராக்கா?”

பெரியவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். அப்பா டிக்கெட் கிழிக்கும்போது உதட்டைக் கடிப்பார். இப்போதும் அப்படித்தான் இருந்தார்.

“சொல்லுக்கா. பரவாயில்ல. உன் பேரைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. நான் கேட்டுக்கறேன்.”

அது வார்டு பண்ணின வேலை இல்ல, எங்க அக்கா பண்ணினது என்று இவள் சொன்னது பெரியவளின் காதுக்குள் மறுபடியும் கேட்டது. அத்தனை பேர் முன்னால், ஒரு கைதட்டல் காயும் முன்பு, சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரிந்திருக்கும்?

“சின்னவளான்னு கேட்டார்,” என்றாள் பெரியவள்.

சின்னவள் விரலில் சுற்றியிருந்த போர்வை நுனியை விட்டாள். வராந்தாவில் உருண்ட தள்ளுவண்டி நின்றுவிட்டது. அப்புறம் அவள் கேட்டாள்.

“நீ என்ன சொன்னே?”

பெரியவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததும் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, போர்வையை விலக்கி, அப்பாவின் தோளுக்கடியில் ஒரு கையைக் கொடுத்தாள்.

“நேரமாச்சு,” என்றாள். “திருப்பி விடணும்.”

சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

“எந்தப் பக்கம்க்கா?”

“காலையில என் பக்கம் திருப்பினேன்,” என்றாள் பெரியவள். “இப்ப உன் பக்கம்.”

சின்னவள் குனிந்து, அக்காவின் கை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தன் கையையும் கொடுத்தாள்.

“ஒண்ணு,” என்றாள் பெரியவள். “ரெண்டு.”